காப்பாருக்கு நேரே ஒரு பூஜ்யம்

1

கோலாலம்பூருக்கு வந்து இந்த மாதத்தோடு பதினாறு வருடம் ஆகிறது. காலையில் பல் துலக்கிக்கொண்டே கணவர் அதை நினைவுபடுத்தினார். மகள் தாரணி, "அப்ப கேக் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்கு அந்த விஷயத்தில் அக்கறை போய்விட்டது. நான் வழக்கம்போல பூச்சோங்கில் எல்ஆர்டி ரயில் பிடித்து, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்து கணினியைத் திறந்தேன். பழைய கோப்புகளைத் துழாவியபோது ஓட்டை விழுந்த ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் போட்டது.

எங்களுடையது ஒரு சின்ன தொண்டு நிறுவனம். சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து வேனில் ஏற்றி டயாலிசிஸ் மையத்துக்குக் கொண்டுபோய், முடிந்ததும் திரும்ப வீட்டில் விடுகிறோம். நடத்துபவர் மிஸ்டர் சேவியர். தாத்தா காலத்திலிருந்தே ரயில்வே குடும்பம், இதே பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். எந்த வேன் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதற்கு R என்ற கணினி மொழியைப் பயன்படுத்துகிறேன்.

பயந்துவிடாதீர்கள், விஷயம் எளிது. நாட்டு வரைபடத்தை R ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளும். ஒரு பகுதிக்கு ஒரு வரிசை. அதில் பகுதியின் பெயர், மாநிலம், கடைசியில் அதன் எல்லைக்கோடு. சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனையை எழுதினால் அதற்குப் பொருந்துகிற பகுதிகள் மட்டும் தங்கும், மற்றதெல்லாம் போய்விடும். முதல் வாரம் மிஸ்டர் சேவியர் கிள்ளான் பள்ளத்தாக்கை, அதாவது கோலாலம்பூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மட்டும் கேட்டார். நான் 'மாநிலம் சிலாங்கூர்' என்று நிபந்தனை போட்டேன். கோலாலம்பூர் நாலாபக்கமும் சிலாங்கூரால் சூழப்பட்டிருந்தாலும் தனிக் கூட்டரசுப் பிரதேசம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நடுவில் பெரிய ஓட்டையோடு வந்தது வரைபடம்.

மிஸ்டர் சேவியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நம்ம ஆபீசையே காணோம் லா. நாம எல்லாம் எங்கதான் உக்காந்திருக்கோம்?"

அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். இங்கே எழுத வந்தது என் இரண்டாவது தப்பைப் பற்றி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

2

எனக்கு ஒரு குணம் உண்டு. மிச்சம் மீதி என்று எதுவும் கண்முன்னே கிடக்கக் கூடாது. காலி டப்பா இருந்தால் தூக்கிப் போடுவேன், பாதி எழுதிய நோட்டைக் கிழித்து எறிவேன். கல்யாணமான புதிதில் கணவரின் பழைய ரசீதுகளை எல்லாம் எறிந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கணினியிலும் அப்படியே.

வரைபடம் பார்க்கிற கண் எனக்கு லால்குடிப் பக்கம் வந்தது. அப்பா கிராம நிர்வாக அலுவலர். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எங்கள் கிராமத்தின் வரைபடம் இருக்கும். சுற்றிலும் புல எண் போட்ட வயல்கள், நடுவில் நத்தம், அதாவது வீடுகள் இருக்கிற இடம். தினமும் அந்த மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஒரு பகுதியின் எல்லைக்கோட்டைப் பார்த்தால் அதன் நடுவில் ஜனங்கள் இருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த நினைப்பும் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. அப்படி ஒன்று என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

தாரணிக்கு அந்தத் தொல்லை எல்லாம் இல்லை. போன வருடம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பூர்வீகம் எது என்று மலாயில் ஒரு கேள்வி. அவள் பூச்சோங் என்று எழுதியிருந்தாள். "லால்குடி எழுதக் கூடாதா?" என்றேன்.

"நான் அங்க மூணு தடவதான் போயிருக்கேன் மா. அது உங்க ஊரு. நான் எழுதுனா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

அவள் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் அன்று முழுக்க மனசு சரியில்லை. படிவத்தில் கோடு போட்ட இடம் இன்னும் பாதி காலியாகத்தான் இருந்தது.

3

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. வேன்கள் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். டயாலிசிஸ் மையங்களிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கிற முக்கிம்களுக்கு மட்டும் வேன் போகும். முக்கிம் என்றால் நம் ஊர்க் குறுவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. வீடு வீடாகப் பார்த்து முடிவெடுத்தால் தெரிந்தவர், வேண்டியவர் என்று சிபாரிசு நுழைந்துவிடும் என்பதால் பகுதியாகப் பிரிப்பதுதான் நியாயம் என்றார்கள். எந்தெந்த முக்கிம் என்று பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ஒரு முக்கிம் தூரத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அதன் ஒரு மூலை உள்ளே இருக்கும், மறுமூலை இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும். நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு முக்கிமுக்கும் மையப்புள்ளியைக் கண்டுபிடி, அந்தப் புள்ளி தூரத்துக்குள் விழுந்தால் வைத்துக்கொள், விழாவிட்டால் விடு என்று இரண்டே வரியில் எழுதிவிட்டேன். சட்டென்று வேலை முடிந்தது.

பிறகு எந்த முக்கிமில் எத்தனை நோயாளிகள் என்று ஓர் அட்டவணை எடுத்தேன். R-இல் ஒரு வழக்கம் உண்டு. பகுதிகளை நீக்கிய பிறகும் அவற்றின் பெயர்களை அது மறக்காது. அட்டவணை போடச் சொன்னால் நீக்கியவற்றையும் வரிசையில் நிறுத்தி, நேரே பூஜ்யம் போட்டுக் காட்டும். ஜெராம் பூஜ்யம், ஜுக்ரா பூஜ்யம், காப்பார் பூஜ்யம் என்று வந்து நின்றது. ஆள் இல்லாத பெயர்கள் எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. அவற்றை ஒழிப்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டேன். அட்டவணை பளிச்சென்று ஆனது.

குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். மிஸ்டர் சேவியர் கையெழுத்துப் போட்டார். பட்டியலுக்கு வெளியே போனவர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் போனது.

4

மூன்றாவது வாரம் வேன் ஓட்டுநர் மணியம் அண்ணன் சாவியைக் கொடுக்க வந்தவர், என் மேசைக்கு முன்னால் நின்றார். தேவையில்லாமல் பேசுகிறவர் இல்லை.

"அக்கா, அந்த மேரு ஆன்டிய ஏன் கட் பண்ணிட்டீங்க?"

"யாரு அண்ணே?"

"சரோஜா ஆன்டி லா. திங்கள், புதன், வெள்ளி. ரெண்டு வருஷமா நான்தானே ஏத்துறேன்."

"மேரு காப்பார் முக்கிம்ல வருது. அது தூரம் அதிகம் அண்ணே. லிஸ்ட்ல இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன தூரம்? மெயின் ரோட்டு ஓரம் வீடு. டிராஃபிக் இல்லன்னா சென்டருக்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. நீங்க லிஸ்ட்ல வச்சிருக்கிற எடத்துக்குப் போகவே எனக்கு அதுக்கு மேல ஆகுது." சாவியை ஆணியில் மாட்டினார். "போன வாரம் ஆன்டி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. தெரியுமா?"

தெரியாது. அவர் போனதும் காப்பாரைத் திரையில் போட்டு, மையப்புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன். புள்ளியைச் சுற்றிப் பச்சை. வரிசை வரிசையாகச் செம்பனை, அதாவது பாமாயில் மரம். ஒரு கூரை கிடையாது. ஜனங்களின் வீடுகள் எல்லாம் சாலைகளை ஒட்டி, எல்லைக்கோட்டின் ஓரங்களில் கிடந்தன. சரோஜா ஆன்டியின் வீடு கிள்ளான் நகரத்துப் பக்கமுள்ள ஓரத்தில், நாங்கள் போட்ட தூரத்துக்குள்ளேயே இருந்தது.

காப்பாரில் எங்கள் வேனை நம்பி மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரைப் பிள்ளைகள் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் சரோஜா ஆன்டி. ஒரே மகன் தெற்கே தூரத்து ஜொகூரில் தங்கி தினமும் சிங்கப்பூர் போய்வருகிறவன். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நாள் கொண்டுபோய் விட்டார். ஒரு புதன்கிழமை அவரால் முடியவில்லை, டயாலிசிஸ் தவறிப்போனது. வியாழக்கிழமை ஆன்டிக்கு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்து, இரண்டு நாள் வார்டில் கிடந்திருக்கிறார்.

புள்ளி தப்பான இடத்தில் விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காப்பாருக்கு நேரே அந்தப் பூஜ்யம் வந்து நின்றதே. அதைப் பார்த்திருந்தால் குழுவில் யாராவது ஒருத்தர், "காப்பார்ல நம்ம ஆளுங்க இருந்தாங்களே?" என்று கேட்டிருப்பார். அழகாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெயரைத் துடைத்துப்போட்டது நான்.

5

பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வார்கள். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சத்தமில்லாமல் காப்பாரைச் சேர்த்திருக்கலாம். என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவுத் துறைக்குப் போக வேண்டிய கடிதம் அந்த வாரம் மிஸ்டர் சேவியரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பதினாறு வருடம் ஆன பிறகும் அந்தக் கடிதம் என்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். இதை எல்லாம் யோசித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு பகல் முழுக்க யோசித்தேன். ஆனால் மறுபரிசீலனை வரை என்றால் சரோஜா ஆன்டிக்கு எத்தனை திங்கள், எத்தனை புதன்? சாயங்காலம் அவர் அறைக்குப் போய் நின்றேன்.

"காப்பார் லிஸ்ட்ல வந்திருக்கணும். விட்டது என்னோட தப்பு."

விளக்கிச் சொன்னேன். பூஜ்யத்தைத் துடைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"மேரு ஆன்டிக்குப் போன லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு வருஷமா அந்த ஆன்டி நம்ம வேன்ல வராங்க. பேரப் பாத்ததும் எனக்கே தோணியிருக்கணும்." பேனாவை மூடி வைத்தார். "கமிட்டி அடுத்த மாசந்தான் உக்காரும். வேன் என் பொறுப்பு, திங்கக்கிழமையே போகட்டும். நீங்க நடந்தத அப்படியே பேப்பர்ல எழுதிக் கொடுங்க. ஒண்ணும் மறைக்காதீங்க. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"சரி சார்."

"ஆன்டிகிட்ட யாரு சொல்றது? போன்ல சொல்லவா?"

"நான் நேர்ல போறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, என் வேலை அனுமதிக் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

6

சனிக்கிழமை தாரணியையும் அழைத்துக்கொண்டு மேருவுக்குப் போனேன். வழியெல்லாம் அவள் காதில் ஒயரை மாட்டியிருந்தாள். மேரு நெருங்கும்போது கழற்றினாள்.

"மா, அந்த ஆன்டி ஏசுனாங்கன்னா ஹௌ? என்ன செய்யறது?"

"கேட்டுக்க வேண்டியதுதான்."

"நானுமா?"

தொழிற்சாலைகளுக்கும் லோரிகளுக்கும் நடுவே, சாலையோரமாக ஒரே மாதிரி சின்ன வீடுகளின் வரிசை. சரோஜா ஆன்டிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. எங்களுக்கு இரண்டு பெரிய கிளாஸில் சிரப் தண்ணீர் கலக்கி வைத்துவிட்டு, தனக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மடக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அவருக்கு அளவு உண்டு. எங்கள் கடிதம் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"திங்கக்கிழமையில இருந்து வேன் வரும் ஆன்டி" என்று ஆரம்பித்தேன். "நின்னுபோனதுக்குக் காரணம் நான்தான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நீயா? லெட்டர்ல சேவியர் பேருல்ல போட்டிருந்துச்சு?"

"லிஸ்ட் போட்டது நான்."

"அப்ப எங்க வீட்ட மட்டும் ஏன் விட்டுட்ட?"

அதை வாயால் எப்படிச் சொல்வது? மடிக்கணினியைத் திறந்து காப்பாரின் எல்லைக்கோட்டைக் காட்டினேன். இதற்குள் நடுப்புள்ளியைப் பார்த்தேன், அது தூரமாக இருந்தது, அதனால் மொத்தப் பகுதியையும் விட்டுவிட்டேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தாரணி தானாகவே எழுந்து வந்து, செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இதுதான் உங்க வீடு ஆன்டி. இந்த டாட்தான் அம்மா வச்ச நடு."

ஆன்டி வெகுநேரம் பார்த்தார். விரலைத் திரையில் வைத்துச் சாலையைத் தேடி, கால்வாயைப் பிடித்து, மெல்ல மேலே போனார்.

"இந்தத் தண்ணிக்காவா வளையுதே, இது நாங்க வேல பாத்த தோட்டமாச்சே." விரல் புள்ளிக்கு வந்து நின்றது. "இங்கதான் எங்க லயம் இருந்துச்சு மா. ரெண்டு வரிசை வீடு. நடுவுல தண்ணி பைப்பு. எம்மவன் இங்கதான் பொறந்தான். தோட்டத்த வித்ததும் லயத்த ஒடச்சுப்புட்டு, அது மேலயே செம்பனைய நட்டுட்டாங்க. எங்க எல்லாத்தையும் ரோட்டோரத்துக்குக் கொண்டாந்து விட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்ன நீ இந்தப் புள்ளிய வச்சிருந்தா, வேன் நேரா என் வாசல்லதான் வந்து நின்னிருக்கும்."

மன்னிச்சிடுங்க ஆன்டி என்றேன். அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. "அந்த வியாழக்கிழம மூச்சு முட்டுனப்ப, போயிட்டேன்னுதான் நெனச்சேன். மவனுக்குப் போன் போட்டா லைன் கிடைக்கல. அதையும் நீ தெரிஞ்சுக்கணும்ல" என்றார். தெரிந்துகொண்டேன். பிறகு அவரே, "வந்து சொன்னியே, அது போதும். தண்ணியக் குடி" என்றார்.

கிளம்பும்போது தாரணியின் கன்னத்தைத் தட்டி, "உனக்கு எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டார்.

"பூச்சோங், ஆன்டி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மாவுக்கு லால்குடி. இந்தியாவுல" என்று சேர்த்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் அப்பாவின் மேசை ஞாபகம் வந்தது. எங்கள் கிராமத்திலும் எல்லாரும் நத்தத்துக்குள் இருக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வரைபடத்தின் ஓரத்தில், காலனி இருந்தது. என்னோடு படித்த சில பிள்ளைகள் அங்கிருந்துதான் நடந்து வந்தார்கள். நான் நடுவில் இருந்த வீட்டுப் பெண், அதனால் நடுவைத்தான் பார்த்திருக்கிறேன். இதைத் தாரணியிடம் சொன்னேன். அவள் ஒயரைக் கையில் சுற்றியபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

7

திங்கட்கிழமை காலை ரயிலில் இருக்கும்போது சரோஜா ஆன்டியிடமிருந்து குரல் செய்தி. "வேன் வந்துருச்சு மா. மணியம் முன்சீட்டுல உக்கார வச்சிருக்கான்." பின்னால் மணியம் அண்ணன், "பெல்ட் போடுங்க ஆன்டி, அப்புறம் பேசலாம்" என்பது கேட்டது. மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குவதற்குள் அதை நாலு தடவை கேட்டுவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போய் நிபந்தனையை மாற்றி எழுதினேன். மையப்புள்ளியைத் தூக்கிவிட்டேன். முக்கிமின் எந்த ஓரமாவது தூரத்துக்குள் வந்து, அந்த ஓரத்தில் வீடுகளும் இருந்தால் முக்கிம் உள்ளே. அட்டவணையில் காப்பாருக்கு நேரே மூன்று என்று வந்தது. மற்ற பெயர்கள் பழையபடி பூஜ்யத்தோடு வரிசையில் நின்றன. கை பழக்கத்தில் அந்தத் துடைக்கும் கட்டளையை அடிக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். அப்படியே அச்செடுத்து மிஸ்டர் சேவியரிடம் கொடுத்தேன்.

அவர் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். பாதியில் நின்றார்.

"ஜுக்ராவுல பூஜ்யம் போட்டிருக்கு. நெஜமாவே அங்க யாரும் இல்லையா, இல்ல நாம போனதே இல்லையா?"

"தெரியல சார். தூரம்னு நீக்குனதோட சரி" என்றேன்.

அவர் பேனாவால் அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை மணியம் அண்ணனுக்கு வேன் ஓட்டம் இல்லை. என்னை ஜுக்ராவுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.